நிற்கத் தெரிந்த கார்

ஸ்போர்ட்ஸ் காரை பந்தயத் தடத்தில் ஓட்ட ஆசையா? முதல் செலவு பிரேக் ஆயிலுக்கு.

டில்லிக்குப் பக்கத்தில், கிரேட்டர் நொய்டாவில் 2011-ல் திறக்கப்பட்டது புத்த சர்வதேசப் பந்தயத் தடம். அங்கே மூன்றாவது வளைவைத் தாண்டினால் ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான நேர்ப்பாதை. அதன் முடிவில் இறுக்கமான நான்காவது வளைவு. 2011 முதல் 2013 வரை ஃபார்முலா ஒன் கார்கள் சீறிய இந்தத் தடத்தில், 'டிராக் டே' என்ற பெயரில் சொந்தக் கார்களைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தவர்களும் உண்டு. இப்படி வருகிறவர்கள் குதிரைசக்தியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் பலர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கணக்கு எளிது. ஒன்றரை டன் எடையுள்ள கார் 200 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் ஆறரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இத்தனையும் சில நொடிகளில். அதில் பெரும்பகுதி வெப்பமாக பிரேக் டிஸ்க்குகளின் தலையில்தான் விழுகிறது. ஊருக்குள் ஓட்டும்போது ஒரு சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் நடுவே டிஸ்க் ஆறிவிடும். தடத்தில் அந்த அவகாசம் கிடையாது. வெப்பம் டிஸ்க்கிலிருந்து பேடுக்கும், பேடிலிருந்து காலிப்பருக்கும், அங்கிருந்து பிரேக் ஆயிலுக்கும் பரவுகிறது.

பெயரில்தான் ஆயில். உண்மையில் இது எண்ணெய் அல்ல, கிளைக்கால் வகை ரசாயனத் திரவம். (தவறிப்போய் எஞ்சின் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும்.) காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது இதன் பிறவிக் குணம். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் கலந்தபின் அந்த வரம்பு 155. டாட் 3 என்றால் இன்னும் மோசம்: 205, 140. மழைக்காலம் ஒன்றிரண்டைக் கண்ட பழைய ஆயில் சாலையில் குறை சொல்ல முடியாதபடி வேலை செய்யும். தடத்தில், நேர்ப்பாதையின் முடிவில், கொதித்து ஆவியாகும். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். மிதித்த பெடல் 'தொபுக்'கென்று தரையைத் தொடும். கார் நிற்காது.

பேட் சூடேறிப்போவது வேறு கதை. அப்போது பெடல் கல்லாக இருக்கும், பிடிதான் இருக்காது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருப்பது அவசியம். பெடல் இறங்கினால் ஆயில், இறுகியும் நிற்காவிட்டால் பேட்.

எனவே தடத்துக்குப் போகுமுன் பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி, சீல் உடைக்காத புதிய பாட்டிலிலிருந்து ஊற்ற வேண்டும். போன வருடம் திறந்து மீதம் வைத்த பாட்டில் உதவாது. டாட் 5.1 என்றால் வரம்பு 260. பந்தயத்துக்கென்றே தயாராகும் ஆயில்களில் 300-ஐத் தாண்டுபவையும் உண்டு. இதில் ஒரு வில்லங்கம்: டாட் 5 என்பது சிலிக்கோன். எண் நெருக்கமாக இருக்கிறதே என்று மற்றவற்றோடு கலந்துவிடக்கூடாது.

மாற்றியதும் நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறந்து மூடும் பழைய முறையே போதும். நடுவில் மேலே உள்ள டப்பா காலியாகிவிட்டால் காற்று புகுந்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பெயிண்ட்மீது ஆயில் சிந்தினால் உடனே கழுவ வேண்டும்.

பேட் பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் மாற்றுவது நல்லது. புதிய பேடைப் போட்ட கையோடு தடத்தில் இறங்குவதும் தப்பு. பேட் டிஸ்க்கோடு படிய, தயாரித்தவர் சொன்ன முறைப்படி சில முறை வேகமெடுத்து, மிதித்து, ஆறவிட வேண்டும். ரப்பர் பிரேக் ஹோஸில் வெடிப்பு தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எஞ்சின் ஆயில் விஷயத்தில் அளவுதான் முக்கியம். நீண்ட வளைவுகளில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும் ஆபத்து உண்டு. அதனால் மேல்கோட்டை ஒட்டியே இருக்கட்டும், தாண்ட வேண்டாம். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியது இன்னொன்று. இந்தியாவில் தனியார் கார்களுக்கான வழக்கமான இன்சூரன்ஸ் பாலிசியில் பந்தயமும் வேகச் சோதனையும் சேராது. அந்த வரியைத் தடத்துக்குப் போகுமுன் படித்துவிடுவது உத்தமம்.

சுற்றுகள் முடிந்ததும் நேராகக் கொண்டுபோய் நிறுத்துவது பலர் செய்யும் தவறு. பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஒரு சுற்று வந்தால், டிஸ்க்குகளுக்குக் காற்று கிடைக்கும். நிறுத்தியபின் ஹேண்ட் பிரேக்கை இழுக்கக்கூடாது. சூடான டிஸ்க்கை பேட் ஒரே இடத்தில் கவ்விக்கொண்டு நிற்கும். காரை கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டையோ கல்லோ அண்டக் கொடுத்தால் போதும். வீட்டுக்குக் கிளம்புமுன் பெடலை ஒருமுறை மிதித்துப் பார்க்க வேண்டும். காலையில் இருந்த உயரத்தில் அது இல்லாவிட்டால், வண்டியை ஏற்றிச் செல்ல ஒரு லாரியைத் தேட வேண்டியதுதான்.