பிரஷர் சரி, நரம்பு சரியா?

எந்த பிரஷர்?

கண் பிரஷர் வேறு, ரத்த அழுத்தம் வேறு. பி.பி. மாத்திரையை ஒழுங்காகப் போட்டுவந்தால் கண் பிரஷரும் அதிலேயே அடங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள்; அடங்காது. கண்ணின் முன்பகுதியில் ஒரு திரவம் ஓயாமல் சுரந்து, கருவிழியின் ஓரத்தில் இருக்கும் நுண்ணிய வழிகளில் வடிந்துகொண்டே இருக்கிறது. வடிவது குறைந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். கண்ணின் பின்புறம் பார்வை நரம்பு புறப்படும் இடத்தில் அந்த அழுத்தம் நரம்பிழைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கிறது. இதுதான் கண் நீர் அழுத்த நோய், கிளாக்கோமா. 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இயல்பு என்று வைத்திருக்கிறார்கள். அந்த 21-க்குக் கீழே இருந்தால் நோயே இல்லை என்று வீட்டுக்குப் போய்விடுவதுதான் ஆபத்து. பிரஷரை மட்டும் அளந்துவிட்டு யாருடைய கண்ணையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது, நரம்பைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதே என் வாதம்.

எண் எங்கே ஏமாற்றுகிறது

சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 40 வயதைத் தொட்டவர்களிடம் நடத்திய சென்னை கிளாக்கோமா ஆய்வின் முடிவுகள், கிராமத்துக்கு 2005-லும் நகரத்துக்கு 2008-லும் வெளியாயின. பரவலான வகைக் கிளாக்கோமா கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பிரஷர் இயல்பு அளவிலேயே இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல், தமக்கு நோய் இருப்பதே தெரியாமல் இருந்தவர்கள். மறுபக்கமும் உண்டு. பிரஷர் மிகுந்தும் நரம்பு கெடாத 1,636 பேரை அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2002-ல் வெளியானது. அதில் சிகிச்சையே பெறாதவர்களிலும் ஐந்து ஆண்டுகளில் நோய் வந்தது 9.5 சதவீதத்தினருக்குத்தான், சொட்டு மருந்து போட்டவர்களில் 4.4 சதவீதம். ஆக, எண் குறைவாக இருந்தும் நோய் இருக்கலாம். கூடுதலாக இருந்தும் இல்லாமல் போகலாம். போதாக்குறைக்கு, கருவிழி தடிமனாக இருப்பவருக்குக் கருவி அளவைக் கூட்டிக் காட்டும், மெலிதாக இருப்பவருக்குக் குறைத்துக் காட்டும்.

அப்படியானால் பிரஷரை ஏன் குறைக்கிறார்கள்?

நியாயமான கேள்வி. இயல்பான அளவையும் தாங்க முடியாத நரம்பு சிலருக்கு உண்டு. அவர்களுக்கு அந்த இயல்பே அதிகம். பிரஷர் ஏறாமலே நோய் வந்தவர்களுக்கு அதை 30 சதவீதம் குறைத்துப் பார்த்த ஆய்வு 1998-ல் வெளியானது. சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 12 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 35 சதவீதத்தினருக்கும் நோய் முற்றியது. நம் கையால் மாற்ற முடிவது பிரஷர் ஒன்றைத்தான், அதனால்தான் மருந்து அதன்மேல் வேலை செய்கிறது. ஆனால் நோயைக் கண்டுபிடிக்க நரம்புதான் சாட்சி. மருத்துவர் விளக்கொளியில் நரம்பின் முகப்பில் உள்ள குழியைப் பார்த்து, சீட்டில் ‘சி.டி.ஆர். 0.7’ என்பதுபோல் எழுதுவார். முகப்பின் அளவில் குழி எவ்வளவு என்பது அந்த எண். அது ஆண்டுக்கு ஆண்டு கூடினாலோ, இரண்டு கண்ணுக்கும் வெகுவாக வேறுபட்டாலோ விட்டுவிடக் கூடாது. பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

“எனக்குத்தான் நன்றாகத் தெரிகிறதே”

நாற்பதைத் தாண்டியதும் கண்ணாடிக் கடையில் பவர் செக் செய்து, எழுத்துகளைக் கடைசி வரி வரை படித்துவிட்டால் திருப்தி வந்துவிடுகிறது. அந்தப் பலகை சோதிப்பது நடுப்பார்வையை மட்டும். கிளாக்கோமா பெரும்பாலும் ஓரங்களைத் தின்று கடைசியில்தான் நடுவுக்கு வரும். ஒரு கண்ணில் விட்டதை மறு கண் ஈடுகட்டிவிடும். பேப்பர் படிக்க முடிகிறவருக்கு, திருச்சி அரியமங்கலத்தில் தஞ்சாவூர் சாலையைக் கடக்கும்போது பக்கவாட்டில் வரும் பைக் தட்டுப்படாமல் போகலாம். தென் தமிழகக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய ஆய்வில் (2003), இந்த நோய் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணிலாவது பார்வை போயிருந்தது.

எல்லோரையும் பிடித்துச் சோதிப்பது சாத்தியமா என்று கேட்டால், தேவையில்லை. நாற்பதைக் கடந்தவர்கள், சர்க்கரை நோய் அல்லது கிட்டப்பார்வை உள்ளவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருப்பவர்கள் கட்டாயம் காட்ட வேண்டும். இன்னொரு கூட்டத்தை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை: தூசி பட்டு, கண் அரித்து, மெடிக்கலில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை வாங்கி மாதக்கணக்கில் போடுகிறவர்கள். சிவப்பு உடனே குறையும். உள்ளே சிலருக்குப் பிரஷர் ஏறும். வயது இருபதாக இருந்தாலும் ஏறும்.

செலவும் சொட்டு மருந்தும்

செலவுக்கு அஞ்சுகிறவர்களுக்குப் புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது, அரியமங்கலத்திலிருந்து வெகுதூரமில்லை. போனால் பிரஷரோடு நிறுத்தாமல், நரம்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ஃபீல்டு டெஸ்ட் எடுப்பார்கள். ஒரு கண்ணை மூடி, தாடையைத் தாங்கியில் வைத்து, புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். முதல் தடவை பலருக்குத் தடுமாறும், அதற்காக அஞ்ச வேண்டாம். மருந்து போட்டும் பார்வை கூடவில்லையே என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் ஏராளம். கூடாது, இழந்ததை எந்த மருந்தும் மீட்டுத் தராது, மிச்சத்தைக் காப்பதே அதன் வேலை. டிமோலால் போன்ற சொட்டு மருந்து ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சிரைப்பைக் கிளப்பும், ஆகையால் இரைப்பு இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்; வேறு மருந்துகள் உண்டு.