ஒரே பிரசவம், இரு வேறு முடிவுகள்

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் நிகழும் பிரசவங்களில் 36 விழுக்காடு அறுவைச் சிகிச்சையால் நிகழ்கின்றன. தனியார் மருத்துவமனைகளில் 63.8 விழுக்காடு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தரும் விவரம் இது. இந்திய சராசரி 21.5 மட்டுமே. மக்கள்தொகை அளவில் இவ்விகிதம் 10 விழுக்காட்டைத் தாண்டியபின் தாய், சேய் இறப்பு மேலும் குறைவதில்லை என 2015இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

கர்ப்பிணிகளின் உடல்நிலை மட்டுமே இந்த இடைவெளிக்குக் காரணம் என்று கொள்ள இயலாது. அரசுக் கணக்கில் ஆரம்ப சுகாதார நிலையங்களின் எளிய பிரசவங்களும் அடங்கும் என்பது உண்மையே. ஆனால் சிக்கலான பிரசவங்கள் பலவும் தஞ்சை இராசா மிராசுதார் போன்ற அரசு மருத்துவமனைகளுக்கே அனுப்பப்படுகின்றன. ஆகவே மருத்துவரின் பழக்கம், நேர நெருக்கடி, வழக்கு குறித்த அச்சம், கட்டணம் ஆகியவையும் முடிவைத் தீர்மானிக்கின்றன என்றே கருத வேண்டியுள்ளது. இது புதிய செய்தியும் அன்று. இங்கிலாந்தில் பள்ளிக் குழந்தைகளுக்குச் செய்யப்பட்ட உள்நாக்குச் சதை அறுவைகளை 1938இல் ஆராய்ந்த கிளோவர், மாவட்டத்துக்கு மாவட்டம் காணப்பட்ட பெரும் வேறுபாட்டுக்கு நோய் சார்ந்த விளக்கம் எதுவும் இல்லை எனக் கண்டார்.

காவிரிப் படுகையில் நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் தலித் பெண்களின் உழைப்பு. சேற்றில் நாள் முழுதும் குனிந்து நின்று கூலி பெறுபவருக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு கிடையாது. தேவையற்ற அறுவை அவரது பருவக் கூலியைப் பறிக்கிறது. அடுத்த பிரசவத்தின் ஆபத்தையும் கூட்டுகிறது. தேவைப்படும் அறுவை தாமதமானாலோ, உயிரே போகிறது. இரண்டுமே அநீதிதான். அறுவையைக் குறைப்பதை மட்டும் நாம் கோரவில்லை. முடிவுக்கான காரணம் வெளிப்பட வேண்டும் என்கிறோம்.

இதற்கு வழி உண்டு. பிரசவங்களைப் பத்துப் பிரிவுகளாகப் பகுத்து ஒப்பிடும் ராப்சன் முறையை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. அம்முறைப்படி ஒவ்வொரு மருத்துவமனையின் கணக்கையும் அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். குடும்பநலக் கணக்கெடுப்பின் மாவட்டத் தாள்களில் சாதிவாரி விவரம் இல்லை. அதுவும் இடம்பெற வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையொப்பமோ கைநாட்டோ பெறும் முன், அறுவைக்கான காரணத்தை அப்பெண்ணுக்குப் புரியும் தமிழில் விளக்குவது மருத்துவரின் கடமை. ஏன் என்று கேட்பது அவரது உரிமை.