நகரத்தில் நமது பங்கைத் தேடிக்கொள்வது எப்படி?

கமத்தையும் வளவையும் விட்டு நகருக்கு வந்த குடும்பத்திற்கு முதல் மாதங்களில் மூன்று கவலைகள்: தங்க ஒரு இடம், கூலிக்கு ஒரு வேலை, பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை. கோயிலைப் பற்றிய எண்ணம் பின்னுக்குப் போய்விடுகிறது. "எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வரட்டும், அதன்பின் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறோம். அப்படியே ஒரு வருடம் போகும், மூன்று வருடம் போகும். பிறகு ஒருநாள் வீட்டில் ஒரு மரணம் நிகழும், அல்லது மகளுக்குத் திருமணம் நிச்சயமாகும். அப்போதுதான் "நாம் எந்தப் பங்கு?" என்ற கேள்வி எழுகிறது. துக்க வீட்டில் நின்றுகொண்டு அதற்கு விடை தேடுவது மிகவும் கடினம்.

அந்த விடையை முன்கூட்டியே தேடிக்கொள்வது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். உதாரணத்திற்கு மட்டக்களப்பு நகரை எடுத்துக்கொள்வோம். 1990ஆம் ஆண்டிலும், பின்னர் 2006, 2007ஆம் ஆண்டுகளிலும் படுவான்கரையிலிருந்தும் வாகரைப் பக்கமிருந்தும் ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்கள் நகரை நோக்கி வந்தன. பலர் திரும்பிச் சென்றனர். சிலர் வாடகை வீடுகளிலும் உறவினர் வளவுகளிலும் நிலைத்துவிட்டனர். வவுனியாவுக்கோ திருகோணமலைக்கோ சென்றவர்களுக்கும் இங்கு சொல்லப்படுபவை பெரும்பாலும் பொருந்தும்.

கிராமமும் நகரமும்

கிராமத்தில் பங்கைத் தேட வேண்டியதில்லை. ஒரே ஆலயம். சுவாமி மாதத்தில் ஒரு தடவையோ இரு தடவையோ வருவார். மற்ற ஞாயிறுகளில் ஊர்ப் பெரியவர் ஒருவர் செபத்தை நடத்துவார். யாருடைய பிள்ளைக்குத் திருமுழுக்கு ஆகவில்லை, யார் நோயாகக் கிடக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். வட்டைவிதானைக்கு வட்டையிலுள்ள ஒவ்வொரு வயலும் தெரிந்திருப்பது போல.

நகரத்தில் அப்படியல்ல. மட்டக்களப்பில் புளியந்தீவில் புனித மரியாள் பேராலயம் இருக்கிறது. சற்றுத் தள்ளித் தாண்டவன்வெளியில் காணிக்கை மாதா ஆலயம் இருக்கிறது. வேறு ஆலயங்களும் உண்டு. ஒரே ஞாயிறில் பல பூசைகள். கூட்டம் வரும், கலைந்து போகும். பக்கத்தில் இருப்பவர் யாரென்று தெரியாது. "இங்கே ஒருவரும் எங்களோடு கதைப்பதில்லை" என்று மனம் நொந்து நின்றுவிடுகிறவர்கள் உண்டு. நகரத்தார் நம்மை வெறுப்பதால் அப்படி நடப்பதில்லை. நாம் புதியவர்கள் என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. வேறு பூசைக்கு வருகிற பழைய குடும்பம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் மனதில் கொள்ள வேண்டும். 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்ப்பு ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு கொச்சிக்கடை, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி ஆலயங்களிலும் குண்டுகள் வெடித்தன. சீயோனில் பல சிறுவர்கள் மாண்டனர். அதன்பின் ஆலய வாயில்களில் பையைச் சோதிப்பதும் புதிய முகத்தை "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்பதும் வழக்கமாயின. அப்படிக் கேட்டால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெயரையும் ஊரையும் சொல்லுங்கள். அதுவே அறிமுகத்தின் தொடக்கமாகவும் அமையலாம்.

நாம் எந்தப் பங்கு?

வயலுக்கு வரம்பு இருப்பதுபோல் பங்குக்கும் எல்லை உண்டு. கத்தோலிக்க திருச்சபையில் பங்கு என்பது பொதுவாக ஒரு நிலப்பரப்பு. அதற்குள் வாழும் எல்லாக் கத்தோலிக்கரும் அப்பங்கைச் சேர்ந்தவர்கள். ஆகவே எந்த ஆலயம் அழகானது, எந்தச் சுவாமி நன்றாகப் பிரசங்கிக்கிறார் என்பதல்ல முதற்கேள்வி. நீங்கள் குடியிருக்கும் வீதி எந்தப் பங்கின் எல்லைக்குள் வருகிறது என்பதே கேள்வி. அருகிலுள்ள எந்த ஆலயத்தின் பங்குமனையில் கேட்டாலும் அதைச் சொல்வார்கள்.

"நாங்கள் அகதிகள், சொந்த வீடு இல்லை, எங்களை எப்படிச் சேர்ப்பார்கள்?" என்று பலர் தயங்குகிறார்கள். இதற்கு 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் தெளிவான பதிலைத் தருகிறது. ஒரு பங்கின் எல்லைக்குள் நிலையாக வாழும் எண்ணத்துடன் குடிவந்தால், அல்லது ஐந்து வருடங்கள் முழுமையாக வாழ்ந்துவிட்டால், அங்கு உங்களுக்கு நிலையான உறைவிடம் உண்டு. குறைந்தது மூன்று மாதம் தங்கும் எண்ணத்துடன் வந்தால், அல்லது மூன்று மாதம் தங்கிவிட்டால், தற்காலிக உறைவிடம் உண்டு. இவற்றில் எது இருந்தாலும் அவ்விடத்துப் பங்குத்தந்தை உங்கள் பங்குத்தந்தையே. இரண்டும் இல்லாமல் அலைந்து திரிபவருக்கு, அவர் அப்போது தங்கியிருக்கும் இடத்தின் பங்குத்தந்தையே பொறுப்பு. காணி உறுதியையோ வீட்டு உடன்படிக்கையையோ இச்சட்டம் கேட்கவில்லை. ஆகவே பங்கு இல்லாத கத்தோலிக்கர் என்று எவரும் இல்லை.

ஞாயிறு பூசைக்கு மட்டும் இந்த எல்லை கிடையாது. சனி மாலையோ ஞாயிறோ எந்தக் கத்தோலிக்க ஆலயத்தில் பூசை கண்டாலும் கடமை நிறைவேறும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் தங்களுக்கு வசதியான நேரத்தில் போகலாம். ஆனால் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குச் சொந்தப் பங்கோடு தொடர்பு வேண்டும்.

காகிதங்கள் இல்லையே!

இடப்பெயர்வில் முதலில் தொலைவது காகிதங்கள். திருமுழுக்குச் சான்றிதழ் தொலைந்தால் கவலைப்பட வேண்டாம். திருமுழுக்கு நடந்த பங்கின் பதிவேட்டிலிருந்து புதிய பிரதி எடுக்கலாம். பின்னர் பெறும் உறுதிபூசுதலும் திருமணமும் அதே பதிவேட்டில்தான் குறிக்கப்படுகின்றன. எனவே திருமணத்திற்குப் போகும்போது பழைய பிரதி கையில் இருந்தாலும் அண்மையில் எடுத்த பிரதியைக் கேட்பார்கள்.

பதிவேடே எரிந்து போயிருந்தால்? அதற்கும் வழியுண்டு. வேறு எவருக்கும் பாதகமில்லாதபோது, நம்பத்தகுந்த ஒரு சாட்சியின் வாக்குமூலமே போதும் என்று திருச்சபைச் சட்டம் கூறுகிறது. வளர்ந்தபின் திருமுழுக்குப் பெற்றவராயின் அவருடைய சத்தியமே போதும். ஆகவே ஞானப்பெற்றோர், ஊர்ப் பெரியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் உயிரோடிருக்கும்போதே இதைச் செய்வது நல்லது. சான்று இல்லை என்பதற்காகப் பிள்ளைக்கு இரண்டாம் தடவை திருமுழுக்குக் கேட்க வேண்டாம். அது ஒரே தடவைதான்.

எந்த மறைமாவட்டம் என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். மட்டக்களப்பு 2012இல்தான் தனி மறைமாவட்டமானது. அதற்கு முன் திருகோணமலையும் மட்டக்களப்பும் ஒன்றாயிருந்தன. எனவே மூதூர்ப் பக்கமிருந்து மட்டக்களப்புக்கு வந்தவர் இன்று வேறு மறைமாவட்டத்தில் இருக்கிறார். அதுபோல் மன்னார் மறைமாவட்டம் 1981இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது. வவுனியா மன்னாரோடு சேர்ந்தது. முல்லைத்தீவு யாழ்ப்பாணத்தோடு நின்றது. முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்குச் சென்ற குடும்பம் பதிவுகளுக்கு யாழ்ப்பாண மறைமாவட்டத்துப் பங்கையே நாட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: திருமுழுக்குச் சான்றிதழ் பிறப்புச் சான்றிதழ் ஆகாது. பிறப்பைப் பதியாமல் விட்டிருந்தால் பிரதேச செயலகத்தில் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பியுங்கள்.

பிள்ளைகளும் பாடசாலையும்

சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாய பாடம். கத்தோலிக்கம் ஒரு பாடம், கிறிஸ்தவம் வேறொரு பாடம். கத்தோலிக்கப் பிள்ளைகள் குறைந்த பாடசாலையில் அதற்கு ஆசிரியர் இல்லாமற் போகலாம். அப்படியானால் பங்கின் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பே பிள்ளைக்குத் துணை. புதிய ஊரில் பிள்ளைக்கு முதல் நண்பர்கள் கிடைப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

பங்குத்தந்தையின் கடிதம் இருந்தால் பெரிய பாடசாலையில் இடம் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். 1960, 1961ஆம் ஆண்டுகளில் மிஷன் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. அங்கு அனுமதி கல்வி அமைச்சின் விதிகளின்படியே நடைபெறுகிறது. கடிதம் சமயத்தை உறுதிப்படுத்தும், அவ்வளவே.

வெட்கமும் காசும்

வெளியே சொல்லாத இரண்டு தடைகள் உண்டு. ஒன்று உடுப்பு. நகரத்துப் பூசையில் நல்ல சேலைகளைப் பார்த்துவிட்டு, "நாங்கள் இப்படியே போவதா?" என்று தாய்மார் நின்றுவிடுகிறார்கள். துவைத்த உடுப்பு போதும். ஞாயிறுப் பூசைக்குப் போகக் கூச்சமாக இருந்தால் வாரநாள் காலைப் பூசைக்குப் போய்ப் பாருங்கள். ஆட்கள் குறைவு; சுவாமியோடு நின்று கதைக்கவும் நேரம் கிடைக்கும்.

மற்றது காசு. நகரப் பங்குகளில் ஆலயச் சந்தா, திருநாள் செலவு என்று சேர்ப்பார்கள். கொடுக்க முடியாதவர் அதைச் சுவாமியிடம் தனியே சொல்ல வேண்டும். ஏழ்மை காரணமாக எவருக்கும் அருட்சாதனங்கள் கிடைக்காமற் போகக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். அடக்கத்திற்கும் அவ்வாறே. சேமக்காலையில் இடம் என்பது பணக்காரருக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் பங்கில் பெயர் பதியாத குடும்பம் மரணத்தன்று வந்து நிற்கும்போது தாமதமும் மனக்கசப்பும் ஏற்படுகின்றன. இன்றே பதிந்துவிட்டால் அந்த அலைச்சல் இல்லை.

மற்றச் சபைகள்

மட்டக்களப்பில் மெதடிஸ்த மிஷனரிமார் 1814இலேயே பணி தொடங்கினர். அங்கிலிக்கன் சபையும், அண்மைக் காலத்தில் பெருகிய சுயாதீன சபைகளும் உண்டு. மெதடிஸ்த, அங்கிலிக்கன் குடும்பங்களும் இப்பத்திரிகையை வாசிப்பது நமக்குத் தெரியும். அவர்களும் இதே முறையில் தங்கள் குருவானவரையோ போதகரையோ தேடிக்கொள்ளலாம்.

இடம்பெயர்ந்த வீட்டுக் கதவை முதலில் தட்டுகிறவர் சில வேளைகளில் வேறு சபையைச் சேர்ந்தவராக இருப்பார். அரிசியும் கொண்டு வருவார். நன்றியோடு வாங்குங்கள். ஆனால் "எங்கள் கூட்டத்திற்கு வந்தால்தான் தருவோம்" என்று சொன்னால், அது எந்தச் சபையாயினும், நம்முடைய சபையாகவே இருந்தாலும், அது தவறு. நிவாரணம் தேவையைப் பார்த்துக் கொடுக்கப்பட வேண்டும், சமயத்தைப் பார்த்து அல்ல என்பது செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் ஏற்றுக்கொண்ட ஒழுக்கக் கோவை. மட்டக்களப்பில் கரித்தாஸ் எகெட், வடக்கில் கியூடெக், மன்னாரில் வாழ்வுதயம் ஆகிய நமது அமைப்புகளின் உதவிக்கும் பங்கில் பதிவு ஒரு நிபந்தனையல்ல. பசியில் இருக்கும் குடும்பத்தின் விசுவாசத்தை அரிசி மூட்டையால் அளக்கக்கூடாது.

கரைந்து போகவும் வேண்டாம், ஒதுங்கி நிற்கவும் வேண்டாம்

ஒரே ஊரிலிருந்து பத்துக் குடும்பங்கள் வந்திருந்தால், தமக்குள் மட்டும் கூடிச் செபித்து நகரப் பங்கோடு சேராமல் இருப்பதுண்டு. வேறு சிலர் ஊர்ப் பாதுகாவலரின் திருநாளையே மறந்துவிடுகிறார்கள். இரண்டும் நல்லதல்ல. ஊர்த் திருநாளன்று ஒரு வீட்டில் கூடுங்கள். செப்டெம்பரில் ஆயித்தியமலை சதா சகாய மாதா திருநாளுக்கு ஒன்றாகப் போய் வாருங்கள். அதேவேளை நீங்கள் இருக்கும் வட்டாரத்து அன்பியத்திலும் சேருங்கள். இருபது முப்பது வீடுகள் சேர்ந்து முறைவைத்து வீடுகளில் கூடுவதே அன்பியம். முந்நூறு பேர் வரும் பூசையில் தெரியாத முகம், பதினைந்து பேர் கூடும் வீட்டில் ஒரு மாதத்திலேயே தெரிந்த முகமாகிவிடும். வேலை எங்கே உண்டு, எந்த வீடு வாடகைக்கு இருக்கிறது என்ற செய்தியும் அங்கேதான் காதில் விழும்.

கேட்பதற்கு மட்டும் போகாமல் கொடுப்பதற்கும் போங்கள். பந்தல் போட, வளவு துப்புரவாக்க, ஆலயத் தோட்டத்தில் பயிர் வைக்க நகரத்தாரைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். கையில் தொழில் உள்ளவரை எந்தப் பங்கும் சீக்கிரம் அறிந்துகொள்ளும்.

செய்ய வேண்டியவை

1. உங்கள் வீதி எந்தப் பங்கு என்று அருகிலுள்ள ஆலயத்தில் கேட்டறியுங்கள்.

2. வாரநாளில் பங்குமனைக்குச் சென்று குடும்பத்தார் பெயர், வயது, பழைய பங்கு ஆகியவற்றைக் கொடுத்துப் பதியுங்கள். ஞாயிறு பூசை முடிந்த நெரிசலில் இதைச் செய்ய வேண்டாம்.

3. தொலைந்த சான்றிதழ்களுக்குப் பழைய பங்குக்குக் கடிதம் எழுதச் சுவாமியிடம் கேளுங்கள். சாட்சிகளின் பெயர்களை எழுதி வையுங்கள்.

4. அன்பியப் பொறுப்பாளர் யாரென்று கேட்டு அவரைச் சந்தியுங்கள்.

5. மூன்று மாதமாவது ஒரே பூசைக்கு, முடிந்தால் ஒரே இடத்தில் இருந்து, பங்குபற்றுங்கள்.

6. பிள்ளைகளை மறைக்கல்விக்கு அனுப்புங்கள்.

நாளை ஊருக்குத் திரும்ப நேர்ந்தால் இதனால் எதுவும் கெட்டுப்போகாது. பழைய பங்கின் பதிவேட்டில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும். நகரத்தில் நடந்த திருமணமும் அங்கே அறிவிக்கப்பட்டிருக்கும். நகரப் பங்கில் பெயர் பதிவது ஊரைக் கைவிடுவதாகாது. திரும்பும் நாள் வரும்வரை, நோயிலும் மரணத்திலும் அயலவர் இல்லாத குடும்பமாக நாம் இருந்துவிடக்கூடாது. அதற்காகவே இந்த ஏற்பாடு.