எரு வயலுக்கு, ஏரிக்கு அன்று

கால்நடை எருவின் அருமையை நம் உழவர் பெருமக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இறுகிய மண்ணைப் பொலபொலப்பாக்கி, நீரைப் பிடித்து வைக்கும் ஆற்றலை அதற்கு அளித்து, பயிருக்கு வேண்டிய சத்துக்களைச் சிறுகச் சிறுக ஊட்டுவது எரு. இரசாயன உரங்கள் பல வந்துவிட்ட போதிலும், எருவின் இடத்தை முழுவதுமாக நிரப்பக்கூடிய பொருள் ஒன்றும் வரவில்லை.

ஆயினும், எருவினால் விளையும் நன்மையெல்லாம் அது வயலில் இருக்கும் வரையில்தான். பயிரை வளர்க்கின்ற அதே சத்து, கிணற்றிலும் ஏரியிலும் கலந்துவிடுமாயின் நீரைக் கெடுக்கின்றது. கால்நடைக்கும் மக்களுக்கும் கேடு செய்கின்றது. ஆகவே, எருவை எங்கே சேர்ப்பது, எவ்வளவு இடுவது, எப்பொழுது இடுவது என்னும் மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு கிராமமும் தெளிவான விடை காண வேண்டும். இது தனி ஓர் உழவரால் மட்டும் முடியக்கூடியதன்று. நீர் ஊருக்குப் பொது; ஆதலால் அதனைக் காக்கும் ஒழுங்கும் ஊருக்குப் பொதுவாகவே அமைதல் வேண்டும்.

ஓர் ஊருணி கற்பித்த பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய வட்டாரத்தில் ஓர் ஊர். அவ்வூர் ஊருணியின் கரையெங்கும் சாணக் குவியல்கள் இருந்தன. பல தலைமுறைகளாக இருந்து வந்த வழக்கமாதலால் எவரும் அதனைக் குறையாக எண்ணவில்லை. ஓராண்டு ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் அடைமழை பெய்தது. குவியல்கள் கரைந்து பழுப்பு நிறமாக ஊருணிக்குள் இறங்கின. தை மாதத்தில் நீரின் மேல் பச்சைப் படலம் பாய் விரித்தாற்போலப் படர்ந்தது. பிறகு ஒரு நாள் விடியற்காலையில் மீன்கள் செத்து மிதந்தன. மாடுகள் நீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பின.

குவியல்களை ஏழு நாட்களுக்குள் அகற்ற வேண்டுமென்று பஞ்சாயத்தார் அறிவிப்புக் கொடுத்தனர். அதனை எழுதுவதற்கு நானும் உதவி செய்தேன். அடுத்து நடந்த கூட்டத்தில் ஒரு மூதாட்டி எழுந்து நின்றார். “எனக்கு இருப்பது ஒரே ஒரு பசு. குடிசைக்கு வெளியே எனக்கென்று ஒரு முழ நிலம் கிடையாது. கரையில் கொட்டாதே என்கிறீர்கள், சரி. எங்கே கொட்டுவது என்றும் நீங்களே சொல்லுங்கள், ஐயா” என்றார். அக்கூட்டத்தில் ஒருவரிடத்தும் விடை இல்லை. அறிவிப்பை எழுதியபொழுது அக்கேள்வி எனக்கும் தோன்றவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மூதாட்டியின் கேள்விக்கு இக்கட்டுரையின் இறுதியில் வருவோம்.

நீர் எவ்வாறு கெடுகின்றது?

எருவில் உள்ள தழைச்சத்து மண்ணில் நைட்ரேட்டாக மாறுகின்றது. நைட்ரேட் மண்ணோடு ஒட்டி நிற்பதில்லை. நீரில் கரைந்து, நீர் போகும் வழியெல்லாம் தானும் போகும். பயிர் உறிஞ்சியது போக எஞ்சியது நிலத்தடி நீரை அடைந்து கிணற்றில் சேர்கின்றது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லி கிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தல் ஆகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். இவ்வளவுக்கு மிகுந்த நீரில் பால்மாவு கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால், குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கின்றது. உதடும் நகமும் நீலம் பாரிக்கின்றன. உயிருக்கே ஆபத்து நேரலாம். இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நீரைக் காய்ச்சினால் கிருமிகள் சாகும், நைட்ரேட் போகாது. நீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடவே செய்யும்.

மணிச்சத்தின் வழி வேறு. அது பெரும்பாலும் மண் துகள்களோடு ஒட்டிக்கொள்ளும். மழை வெள்ளம் மேல்மண்ணை அரித்துச் செல்லும்பொழுது மணிச்சத்தும் சேர்ந்து ஏரியை அடைகின்றது. அங்கே பாசி அளவு கடந்து பெருகுகின்றது. அப்பாசி மடிந்து அழுகும்பொழுது நீரில் கரைந்துள்ள பிராணவாயு தீர்ந்துபோகின்றது. இரவில் பாசியும் அதனை உட்கொள்வதால், விடியற்காலையில் மீன்கள் மூச்சுக்குத் திணறி மடிகின்றன. ஊருணியில் நாங்கள் கண்ட காட்சியின் காரணம் இதுவே. இவையன்றி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகளும் புழுக்களின் முட்டைகளும் பச்சைச் சாணத்தின் மூலம் நீரில் பரவுகின்றன.

எங்கே சேர்ப்பது?

திறந்த வெளியில் குவிக்கப்பட்ட எரு இருவகையில் இழப்புக்கு உள்ளாகின்றது. வெயிலில் அதன் தழைச்சத்து அம்மோனியாவாகிக் காற்றோடு போகின்றது; மழையில் கரையக்கூடிய சத்தெல்லாம் கரைந்து ஓடுகின்றது. எஞ்சி நிற்பது பெரும்பாலும் சக்கையே. மேலும் இத்தகைய குவியல்களில்தான் தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகுகின்றது. குப்பைமேட்டைக் கவனியாமல் விட்டுவிட்டுத் தென்னைக்கு மருந்து வைப்பதில் பயன் என்ன?

இதற்கு மாற்றாக, டாக்டர் சி. என். ஆச்சார்யா வகுத்த குழிமுறை எளிதானது, செலவும் குறைவு. 6 முதல் 7.5 மீட்டர் வரை நீளமும், 1.5 முதல் 2 மீட்டர் வரை அகலமும், 1 மீட்டர் ஆழமும் உடைய குழி ஒன்று வெட்ட வேண்டும். மாட்டுத் தொழுவத்தில் இரவில் சருகு, வைக்கோல் கழிவு, சிறிது மண் ஆகியவற்றைப் பரப்பினால் மாட்டின் மூத்திரம் அதில் ஊறும். சாணத்தைக் காட்டிலும் மூத்திரத்தில் தழைச்சத்தின் விகிதம் கூடுதல் என்பதை நம்மில் பலர் நினைப்பதில்லை. காலையில் ஊறிய கழிவையும் சாணத்தையும் சேர்த்துக் குழியின் ஒரு முனையிலிருந்து பகுதி பகுதியாக நிரப்பிவர வேண்டும். தரைமட்டத்துக்கு மேல் 45 முதல் 60 சென்டிமீட்டர் உயர்ந்ததும் மேற்புறத்தைக் கூம்பலாக்கிச் சாணமும் மண்ணும் கலந்த குழம்பால் மெழுகிவிட வேண்டும். மெழுகிய நான்கு ஐந்து மாதங்களில் நன்கு மக்கிய எரு கிடைக்கும். மழைநீர் உட்புகாதவாறு குழியைச் சுற்றி ஒரு சிறு வரப்பு போடுதல் அவசியம். தாழ்ந்த இடத்திலோ, நிலத்தடி நீர் மேலெழும்பும் இடத்திலோ குழி வெட்டுதல் கூடாது.

எவ்வளவு இடுவது?

பெரும்பாலான பயிர்களுக்கு எக்டேருக்கு 12.5 டன், அதாவது ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இடுமாறு வேளாண்மைத் துறையினர் பரிந்துரைக்கின்றனர். இது மாட்டு எருவுக்கு உரிய அளவு. நமது உழவர்களுட் சிலர் இதே அளவைக் கோழி எருவுக்கும் கைக்கொள்ளுகின்றனர். இது பெருந்தவறு, கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் அரை சதவீதம். 5 டன் இட்டால் 25 கிலோ தழைச்சத்து சேரும். கோழி எருவில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம். 5 டன்னில் 150 கிலோ. மத்திய கால, நீண்ட கால நெல் வகைகளுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் தழைச்சத்தோ ஏக்கருக்கு 60 கிலோதான். மணிச்சத்தின் கணக்கு இன்னும் மோசமானது. கோழி எருவில் மணிச்சத்து சுமார் 2.6 சதவீதம். 5 டன்னில் 130 கிலோ ஆகின்றது. நெல்லுக்கு வேண்டியதோ 20 கிலோ. மிகுந்த தழைச்சத்தினால் பயிர் சாய்கின்றது. பூச்சி நோய்கள் பெருகுகின்றன. மிகுந்த மணிச்சத்து மண்ணில் ஆண்டுதோறும் சேர்ந்து, ஒவ்வொரு மழையிலும் ஏரிக்குப் போகின்றது. நாமக்கல் போன்ற கோழிப் பண்ணைகள் நிறைந்த பகுதிகளில், எரு மலிவாகக் கிடைக்கின்றது என்பதற்காக அளவின்றி வாங்கிக் கொட்டுதல் தகாது.

மண் பரிசோதனை செய்து, அதன்படி அளவை வகுத்துக்கொள்வதே முறை. எருவின் மூலம் சேரும் சத்தைக் கணக்கிட்டு, அந்த அளவுக்கு வாங்கும் உரத்தைக் குறைத்துக்கொள்ளின் பணமும் மிச்சமாகும்.

எப்பொழுது இடுவது?

சரியான அளவு எருவையும் தவறான நாளில் இட்டால் அது வயலில் தங்காது. பெருமழைக்கு முன் மேலாக விசிறிவிடப்பட்ட எரு, வாய்க்காலில் கொட்டப்பட்ட எருவுக்குச் சமம். பிற நாட்டார் இதனைப் பெருவிலை கொடுத்தே கற்றனர். அமெரிக்காவில் ஈரி என்னும் பெரிய ஏரியின் கரையில் டொலீடோ நகரம் உள்ளது. வயல்களில் இட்ட உரத்திலிருந்தும் எருவிலிருந்தும் வந்து சேர்ந்த மணிச்சத்தினால் அவ்வேரியில் நச்சுப் பாசி பெருகிற்று. 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், குழாய் நீரைக் குடிக்க வேண்டாம், காய்ச்சியும் குடிக்க வேண்டாம் என்று ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்களுக்கு அறிவிக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டே ஒஹையோ மாநிலம் ஒரு சட்டம் செய்தது. நிலம் நீரில் ஊறியிருக்கும்பொழுதும், 24 மணி நேரத்தில் அரை அங்குலத்துக்கு மேல் மழை பெய்யும் வாய்ப்புப் பாதிக்கு மேல் உண்டென்று வானிலை அறிக்கை கூறும்பொழுதும், உடனடியாக மண்ணில் கலந்துவிடப்படாத எருவை அவ்வேரியின் மேற்குப் படுகையில் இடலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. ஐரோப்பிய நாடுகள் 1991ஆம் ஆண்டிலேயே, நைட்ரேட்டால் கெடக்கூடிய பகுதிகளில் கால்நடை எருவின் மூலம் ஓர் ஆண்டில் எக்டேருக்கு 170 கிலோ தழைச்சத்துக்கு மேல் சேரலாகாது என்று வரம்பு கட்டின. இது ஏக்கருக்கு ஏறக்குறைய 69 கிலோ.

நமது மாநிலத்திற்கு இது எவ்வாறு பொருந்தும்? நம் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கின்றது. அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்ப்பதே அதன் இயல்பு. ஆதலால், மழை வலுப்பதற்கு முன்பே, விதைப்புக்கு மூன்று நான்கு வாரங்கள் இருக்கும்பொழுது, மக்கிய எருவைப் பரப்பி அன்றே உழுது மண்ணில் கலந்துவிட வேண்டும். வண்டி வண்டியாகக் கொண்டுவந்து வயலில் சிறு குவியல்களாகப் பல நாள் விட்டுவைத்தல் கூடாது. கோடையில் ஆட்டுக்கிடை போடும் நமது பழைய வழக்கம் மிக நல்லது. புழுக்கையும் மூத்திரமும் நேரே நிலத்தில் சேர்கின்றன. கிடை பெயர்ந்தவுடன் ஓர் உழவு உழுதுவிட்டால் அச்சத்து நிலத்திலேயே தங்கும். நீர்வரத்து வாய்க்காலை ஒட்டிக் கிடை அமைத்தல் மட்டும் தவிர்க்கப்பட வேண்டும்.

பஞ்சாயத்தின் பொறுப்பு

குடிநீர்க் கிணறுகளையும் குளங்களையும் பேணுவது பஞ்சாயத்தின் கடமை. மாசுப் பொருளை அறிந்தே ஓடையிலோ கிணற்றிலோ கலக்க விடுவதை 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம் தடை செய்கின்றது. ஆயினும், வழக்கினால் மட்டும் ஓர் ஊரின் வழக்கத்தை மாற்றிவிட முடியாது. ஊரார் தாமே கூடி வகுத்துக்கொண்ட கட்டுப்பாடே நிலைக்கும். மார்ச்சு 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கூடும் கிராம சபை இதற்கு ஏற்ற வாய்ப்பு. பின்வருவனவற்றை ஆராய்ந்து, ஊருக்கு ஏற்றவாறு திருத்தித் தீர்மானமாக நிறைவேற்றலாம்.

1. ஊருணி, ஏரி, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 100 அடிக்குள் எருக்குழியோ குவியலோ இருத்தலாகாது.

2. வாய்க்கால், ஓடை ஆகியவற்றின் ஓரத்தில் சில அடி அகலத்துக்குப் புல் வளர விட வேண்டும். அங்கு எரு இடலாகாது.

3. வானிலை நிலையம் கனமழை எச்சரிக்கை விடுத்த நாட்களில் எவரும் எரு பரப்புவதில்லை.

4. கோழி எரு ஏற்றிவரும் லாரிகள் பொது இடத்திலோ சாலையோரத்திலோ இறக்குவதற்கு அனுமதியில்லை. வாங்குவோர் அதனை மூடி வைத்து, அளவறிந்து இட வேண்டும்.

5. குடிநீர்க் கிணறுகளின் நீரை ஆண்டுக்கு ஒரு முறையேனும் நைட்ரேட்டுக்காகப் பரிசோதித்து, முடிவை அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும்.

6. நிலமில்லாதோரின் கால்நடைகளுக்காகப் பொது எருக்களம் ஒன்று அமைக்க வேண்டும்.

இவற்றுள் ஆறாவதே முதலில் செய்யத் தக்கது. அது இல்லாவிடில் மற்ற ஐந்தும் ஏழைகளின் மீது விழும் தண்டனையாகவே முடியும். நான் முன்பு குறிப்பிட்ட ஊரில் இதனைக் காலந்தாழ்ந்தே உணர்ந்தோம். ஊருக்குக் கிழக்கே, நீர்வழியில்லாத ஒரு மேட்டுப் புறம்போக்கில் பஞ்சாயத்தார் குழிகள் வெட்டி, எண்ணிட்டு, நிலமற்ற குடும்பங்களுக்குப் பகிர்ந்தளித்தனர். அம்மூதாட்டிக்கும் ஒரு குழி கிடைத்தது. அடுத்த சித்திரையில் அவர் மக்கிய எருவாக ஒரு வண்டி விற்றார். கரையில் கிடந்த காலத்தில் அச்சாணத்தை விலைக்குக் கேட்டவர் ஒருவருமில்லை. ஊருணி தெளிவதற்கு மேலும் இரண்டு மழைக்காலம் ஆயிற்று.

நீரைக் கெடுத்தல் ஒரு நாள் மழையில் முடிந்துவிடுகின்றது. தெளிய வைத்தலுக்கு ஆண்டுகள் வேண்டும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் இவ்வாண்டு மழைக்கு முன்பே தத்தம் ஊரின் நீர்நிலைகளை ஒருமுறை சுற்றி நடந்து, கரையில் உள்ள குவியல்களை எண்ணிப் பார்க்க வேண்டுகின்றேன். ஒவ்வொரு குவியலும் எந்த வீட்டினுடையது, அதற்கு எங்கே இடம் தரலாம் என்று அங்கேயே நின்று குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பணி அவ்விடத்திலிருந்தே தொடங்கட்டும்.