பழைய பற்றரி: இலாபத்தோடு வரும் பொறுப்பு

உதிரிப்பாகக் கடை, கராஜ், பழைய இரும்புக் கடை நடத்தும் சகோதரர்களிடம் பழைய வாகன பற்றரிகள் நாளாந்தம் வந்து சேர்கின்றன. உள்ளேயிருக்கும் ஈயத்துக்கு விலை உண்டு என்பதால் எவரும் அவற்றை வீசுவதில்லை. ஆனால், எம்மிடம் வாங்கிச் செல்பவர் அதனை எங்கே, எப்படி உருக்குகிறார் என்று எம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

பற்றரிக்குள் இருப்பவை ஈயமும் ஈயச் சேர்வைகளும் ஐதான சல்பூரிக் அமிலமுமாகும். அசிட்டை நிலத்தில் ஊற்றினால் ஈயத் துகள்களும் சேர்ந்தே போகின்றன. சுண்ணாம்பு போட்டால் அமிலம் அடங்கும், ஈயம் அடங்காது. அது ஒரு மூலகம். உக்காது, எரிந்தும் அழியாது. மேல்மண்ணில் ஒட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் கிடக்கும். மண் அமிலத்தன்மையானால் ஈயம் இலகுவாகக் கரைந்து கிணற்று நீரையும் சென்றடையக் கூடும்.

ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடும். ஆனால் தகட்டிலுள்ள சேர்வைகளிலிருந்து ஈயத்தைப் பிரிக்க இதைவிடப் பன்மடங்கு வெப்பம் வேண்டும். திறந்த அடுப்பில் அப்படி எரிக்கும்போது ஈய ஆவி கிளம்பி, குளிர்ந்து, நுண்ணிய தூசாகக் கூரையிலும் முற்றத்திலும் படிகின்றது. முற்றத்தில் விளையாடும் பிள்ளை கையை வாயில் வைக்கின்றது. உடல் ஈயத்தைக் கல்சியம் போல் எண்ணி எலும்பில் சேமிக்கின்றது. மூளை வளர்ச்சி பாதிக்கப்படுகின்றது. பாதுகாப்பான அளவு என்று ஈயத்துக்கு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம்.

செனகல் நாட்டின் தலைநகர் டாக்கார் அருகேயுள்ள தியாரோய் சுர் மேர் பகுதியில் நடந்தது எமக்கொரு படிப்பினை. பற்றரி உடைத்த இடத்து மண்ணை மக்கள் சலித்து, ஈயம் எடுத்து விற்றார்கள். மண்ணை வீடுகளுக்கும் கொண்டு சென்றார்கள். 2007இன் இறுதிக்கும் 2008இன் முற்பகுதிக்குமிடையில் 18 சிறுவர்கள் மரணித்தார்கள். அந்தப் பெற்றோரும் எம்மைப் போல் பிழைப்புக்காகவே அதைச் செய்தார்கள்.

ஆகவே, பற்றரியை உடைக்காமல், அசிட்டைக் கொட்டாமல், கூரையின் கீழ் சீமெந்துத் தரையில் நிமிர்த்தி வையுங்கள். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் உள்ளவருக்கே விற்பனை செய்யுங்கள். வேலையாட்கள் கை கழுவி, உடை மாற்றிய பின்னரே வீடு செல்லட்டும்.

அனுமதியில்லாதவர் கிலோவுக்குச் சில ரூபாய்கள் கூடுதலாகத் தரக்கூடும். அயலவரின் பிள்ளைக்குத் தீங்கு செய்து வரும் அந்த ரூபாயில் பரகத் இருக்குமா என்பதை நாமே சிந்தித்துக்கொள்வோம்.