பெரிய கப்பலில் வரும் பயணி எதை எதிர்பார்க்கிறார்? குறிஞ்சிப்பிட்டி வியாபாரிகளுக்கு ஒரு கணக்கு

குறிஞ்சிப்பிட்டியில் ஒரு தேநீர்க் கடையில் அண்மையில் ஓர் இளைஞரைச் சந்தித்தோம். சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருப்பவர். மீன்பிடியோடு, பருவ காலத்தில் வெளிநாட்டவர்களை டொல்பின் பார்க்கவும் ஏற்றிச் செல்பவர். தேநீர் ஆறுவதற்குள் அவர் கேட்ட கேள்வி இதுதான்:

"நானா, காங்கேசன்துறைக்கே உல்லாசக் கப்பல் வந்து போயிட்டுது. நம்மட கடல்ல டொல்பின் இருக்கு, திமிங்கிலம் இருக்கு. நாளைக்கு இங்கயும் வரத்தானே செய்யும்? தவணைக்கு ஒரு வேனும் இன்னொரு படகும் எடுத்துப் போட்டா என்ன?"

இது அவர் ஒருவரின் கேள்வி மட்டுமல்ல. கற்பிட்டிப் பக்கம் படகு, வேன், தங்குமிடம், சாப்பாட்டுக் கடை என்று தொழில் செய்யும் பலரது மனதில் இருக்கும் கேள்வியாகும். முதல் போடுவதற்கு முன்னர், அந்தக் கப்பல்களில் வருபவர் யார், எதற்குப் பணம் கொடுத்தார், கரையில் எதை எதிர்பார்க்கிறார் என்பதை அறிந்து கொள்வது நல்லதல்லவா?

மிதக்கும் பட்டினம்

உலகின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல்களில் ஒன்றான 'ஐகொன் ஒஃப் த சீஸ்' 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மியாமியிலிருந்து தனது முதற் பயணத்தை ஆரம்பித்தது. அதன் நீளம் 365 மீற்றர். அறைக்கு இருவர் வீதம் கணக்கிட்டால் சுமார் 5,600 பயணிகள். முழுமையாக நிரம்பினால் 7,600 பேர் வரை. ஊழியர்கள் மட்டும் 2,300 பேருக்கு மேல். எமது பகுதிக் கிராமங்கள் பலவற்றின் மொத்தச் சனத்தொகையே இதைவிடக் குறைவுதான்.

எமது நாட்டுக்கும் இத்தகைய கப்பல்கள் வராமல் இல்லை. பொருளாதார நெருக்கடியின் பின்னர், 2022 நவம்பர் இறுதியில், இரண்டாயிரம் பயணிகள் அளவில் 'மெயின் ஷிஃப் 5' கொழும்புக்கு வந்தது. 2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைமுகங்களுக்கும் வந்தது. அது 1990 இல் கட்டப்பட்ட கப்பல். முன்னர் அமெரிக்கக் கம்பனி ஒன்றிடம் இருந்து, பின்னர் இந்தியாவின் கோர்டிலியா நிறுவனத்திடம் வந்தது. காங்கேசன்துறையில் அதே மாதம் 16 ஆம் திகதி புதிய பயணிகள் முனையமும் திறக்கப்பட்டது. எமது இளைஞரின் ஆசைக்கு விதை போட்டது இந்தச் செய்திதான்.

ஒரே விலை, பல பில்

உல்லாசக் கப்பலில் போகிறவர் முதலில் வாங்குவது நிம்மதியை. ஒரு தடவை பெட்டியைத் திறந்து உடுப்புகளை அடுக்கி வைத்தால் போதும். அறையும் சாப்பாடும் கூடவே வரும். காலையில் கண் விழித்தால் வேறொரு நாடு. வயதானவர்களும் சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களும் இதனை விரும்புவதில் வியப்பில்லை. 2019 இல் உலகம் முழுவதும் சுமார் 30 மில்லியன் பேர் இவ்வாறு பயணம் செய்தார்கள். கொரோனாவால் படுத்த தொழில் 2023 இல் அந்த எண்ணிக்கையையும் தாண்டியது.

ஆனால் பயணிகளின் மனக்குறையும் இங்குதான் ஆரம்பமாகிறது. டிக்கட் எடுக்கும் போது 'எல்லாம் அடங்கியது' என்று நினைத்து ஏறியவர், இன்டர்நெட்டுக்குத் தனிக் கட்டணம், பானங்களுக்குத் தனிக் கட்டணம், சில சாப்பாட்டு மண்டபங்களுக்குத் தனிக் கட்டணம், கரையில் சுற்றிப் பார்க்கத் தனிக் கட்டணம், பல கப்பல்களில் ஊழியர் சன்மானமும் நாள் கணக்கில் தனி என்று கடைசி நாளில் பில்லைக் கண்டு திகைக்கிறார். கப்பலுக்குள் காசு கையில் புழங்குவதில்லை. ஓர் அட்டையைக் காட்டினால் போதும். கையிலிருந்து போகாத காசு போவதே தெரிவதில்லை.

இது தற்செயலாக நடப்பதல்ல. கார்னிவல் என்ற பெரிய கம்பனியின் 2023 ஆம் ஆண்டு வருமானம் 21 பில்லியன் டொலருக்கு மேல். அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு டிக்கட்டால் வந்ததல்ல. கப்பலில் ஏறிய பின்னர் பயணி செய்த செலவாலும் அதனோடு சேர்ந்த வருமானங்களாலும் வந்தது. அதாவது, பயணியின் பையில் உள்ள காசு கரைக்கு வருவதற்கு முன்னரே கப்பல் தனது பங்கை எடுத்துக் கொள்கிறது. கரையில் கடை போட்டுக் காத்திருப்பவர் முதலில் விளங்கிக் கொள்ள வேண்டிய விடயம் இது.

எதிர்பார்ப்பு உடையும் இடம்

அடுத்த மனக்குறை, சொன்ன இடத்துக்குப் போகாமல் விடுவது. காற்று, கடல், துறைமுக அனுமதி எதுவும் பயணியின் கையில் இல்லை. 2022 ஜூனில் சென்னையிலிருந்து சென்ற அதே எம்பிரஸ் கப்பலின் பயணிகளுக்குப் புதுச்சேரியில் இறங்க அனுமதி கிடைக்கவில்லை. கப்பலில் சூதாட்டம் உண்டு என்று அங்கு எழுந்த எதிர்ப்பே அதற்குக் காரணம். பாதையை மாற்றும் உரிமை தமக்கு உண்டு என்று கப்பல் கம்பனிகள் பொதுவாக டிக்கட் நிபந்தனையிலேயே எழுதி வைத்திருக்கும். படித்துப் பார்ப்பவர்கள் சிலரே.

பாதுகாப்பும் அப்படித்தான். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையோரம் பாறையில் மோதிய 'கொஸ்டா கொன்கோர்டியா' கப்பலில் 32 பேர் உயிரிழந்தனர். அன்று புதிதாக ஏறியிருந்த பயணிகள் பலருக்குப் பாதுகாப்புப் பயிற்சி அதுவரை நடந்திருக்கவில்லை. அதன் பின்னர் சர்வதேச விதி மாற்றப்பட்டது. இன்று கப்பல் புறப்படும் முன்னரோ, புறப்பட்ட உடனேயோ அப்பயிற்சி நடந்தாக வேண்டும்.

2020 பெப்ரவரியில் ஜப்பானின் யொகோஹாமாவில் 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பல் 3,711 பேருடன் தனிமைப்படுத்தப்பட்டு, 712 பேருக்குக் கொரோனா தொற்றியது நினைவிருக்கும். பயணிகளுக்கு முழுக் கட்டணத்தையும் திருப்பிக் கொடுப்பதாக அந்தக் கம்பனி அப்போதே அறிவித்தது. நட்டத்தில் இருக்கும் போதும் வாடிக்கையாளரின் மனதைக் காப்பாற்றிக் கொள்ள வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

எம்மவர்கள் போவதானால்

வசதியுள்ள எமது வர்த்தகர்கள் சிலர் இப்போது குடும்பத்தோடு சிங்கப்பூரிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ கப்பல் ஏற விரும்புகின்றனர். அவர்களது முதற் கேள்வி சாப்பாடு பற்றியதாகத்தான் இருக்கும். முன்னர் இக்கேள்விக்குத் திருப்தியான பதில் கிடைப்பது அரிது. கேட்பவர்கள் பெருகியதும் பதிலும் மாறியது. 2022 இல் சிங்கப்பூரிலிருந்து ஓட ஆரம்பித்த 'ஜென்டிங் ட்ரீம்' கப்பல் ஹலால் சான்று பெற்ற சாப்பாட்டையும் வழங்குகிறது. வாடிக்கையாளர் வாய் திறந்து கேட்டால்தான் சந்தை மாறும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

டிக்கட் எடுக்க முன்னர் நான்கு விடயங்களை எழுத்தில் கேட்டுக் கொள்ளுங்கள். கட்டணத்தில் எவை அடங்கும், எவை அடங்காது? ஹலால் உணவு தனிச் சமையலறையில் தயாராகிறதா? மது, சூதாட்டம் நடக்கும் தளங்களிலிருந்து குடும்பத்துக்கான அறை தள்ளியிருக்குமா? ஏறிய நாட்டிலேயே திரும்பி வந்து இறங்குவதற்கு, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை நுழையக்கூடிய விசா வேண்டுமா? கடைசிக் கேள்வியை மறந்தவர் துறைமுக வாசலிலேயே நிற்க நேரிடலாம்.

கரையில் அவருக்குள்ள நேரம்

இனிக் கரைக்கு வருவோம். கப்பல் காலையில் வந்து மாலையில் புறப்படும். இறங்கும் வரிசை, திரும்பி ஏறும் வரிசை எல்லாம் போகப் பயணியின் கையில் மிஞ்சுவது ஆறு அல்லது ஏழு மணித்தியாலங்கள். கம்பனி ஏற்பாடு செய்த பஸ்ஸில் போனவர் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். தானாக வேன் பிடித்துப் போனவர் தாமதித்தால் கப்பல் போய்விடும். இந்தப் பயத்தினால்தான் கூடுதல் விலை என்று தெரிந்தும் பலர் கம்பனியின் பஸ்ஸிலேயே ஏறுகிறார்கள்.

எனவே கரையில் அவர் தேடுவது பெரிய ஆடம்பரமல்ல. ஆடம்பரம் கப்பலிலேயே இருக்கிறது. சொன்ன நேரத்துக்குத் திரும்பக் கொண்டு வந்து விடும் சாரதி, கேட்டதும் மாறாத விலை, சுத்தமான மலசலகூடம், நிழலில் ஓர் இருக்கை, கப்பலில் கிடைக்காத ஒரு காட்சி அல்லது ஒரு வாய் உள்ளூர் சாப்பாடு. இவை கிடைத்தால் அவர் திருப்தியாகத் திரும்புவார்.

இன்னொரு கூட்டத்தை எம்மில் பலர் கவனிப்பதில்லை. அது கப்பல் ஊழியர்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகள். இரண்டு, மூன்று மணித்தியால ஓய்வில் கரைக்கு ஓடி வருவார்கள். அவர்களுக்குத் தேவை வீட்டுக்குப் பேச இன்டர்நெட், மலிவான சோறு, சவர்க்காரம், பற்பசை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறு கடைக்காரருக்குப் பயணியை விட இவர்களே நல்ல வாடிக்கையாளர்.

குறிஞ்சிப்பிட்டிக் கணக்கு

இப்போது இளைஞரின் கேள்விக்கு வருவோம். கொழும்புத் துறைமுகத்திலிருந்து கற்பிட்டிப் பக்கம் சுமார் 160 கிலோமீற்றர். போக மூன்றரை, நான்கு மணித்தியாலம். வர அதே அளவு. ஆறேழு மணித்தியாலம் கையில் உள்ளவர் எப்படி வருவார்? வந்தால் டொல்பினையும் காண மாட்டார், கப்பலையும் காண மாட்டார்.

கப்பல் நேராக இங்கு வருமா? புத்தளம் களப்பின் ஆழம் பெரும்பாலான இடங்களில் ஓரிரண்டு மீற்றர்தான். பெரிய உல்லாசக் கப்பல்களுக்கு நீருக்கடியில் மட்டும் எட்டு, ஒன்பது மீற்றர் வேண்டும். வெளிக் கடலில் 1992 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பவளப்பாறைத் திட்டு உண்டு. அத்தகைய கப்பல் அணையும் துறைமுகம் எதுவும் எமது கரையில் இல்லை. ஆகவே உல்லாசக் கப்பலை நம்பித் தவணைக்கு வேன் எடுப்பது, வராத மீனுக்கு ஐஸ் வாங்கி வைப்பது போலத்தான்.

தவணை மாதாமாதம் வரும். பயணி அப்படி வரமாட்டார். 2018 இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டவர்கள் வந்தார்கள். 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்கள், அடுத்து கொரோனா. 2021 இல் அந்த எண்ணிக்கை இரண்டு இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. 2024 இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இடையில் தவணை கட்ட முடியாமல் வாகனத்தை இழந்தவர்களின் கதை எம்மூர்களில் எல்லோருக்கும் தெரியும்.

அப்படியானால் இத்தொழிலில் எமக்கு ஒன்றும் இல்லையா? உண்டு. கற்பிட்டிக்கு வருபவர் கப்பலில் வருபவரல்ல. இரண்டு மூன்று நாள் தங்க வருபவர். நவம்பர் முதல் ஏப்ரல் வரை டொல்பினும் திமிங்கிலமும், மே முதல் ஒக்டோபர் வரை காற்றும் பட்டச் சறுக்கலும் அவரை இங்கு அழைத்து வருகின்றன. ஒல்லாந்தர் கோட்டையும் களப்பும் எப்போதும் உண்டு. ஆனால் அவரது எதிர்பார்ப்பு கப்பல் பயணியின் எதிர்பார்ப்பைப் போன்றதே. ஆகவே கப்பல் கம்பனிகள் செய்வதில் நல்லதை எடுத்துக் கொண்டு, அவை மனக்குறை தேடிக் கொள்ளும் இடங்களில் நாம் நேர்மையாக நடந்தால் போதும்.

விலையை எழுதிக் கரையில் ஒட்டுங்கள். உயிர்காப்பு அங்கி, தண்ணீர், ஹோட்டலிலிருந்து போக்குவரத்து ஆகியவற்றில் எது அடங்கும், எது அடங்காது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ஏறும் ஒவ்வொருவருக்கும் அங்கி கொடுத்து, படகு நகர முன்னர் இரண்டு நிமிடம் பாதுகாப்பு பற்றிச் சொல்லுங்கள். 'டொல்பின் கட்டாயம் காட்டுவேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கடல் மிருகம் எமது சொல் கேட்காது. காணக் கிடைக்காவிட்டால் அடுத்த நாள் பாதி விலைக்கு அழைத்துப் போவதாகச் சொல்லலாம். டொல்பின் கூட்டத்துக்குள் படகை விட்டுத் துரத்தாதீர்கள். இன்று துரத்தினால் நாளை அவை அந்தப் பக்கம் வராது. கடல் சரியில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டு, மூன்று படகுக்காரர்கள் சேர்ந்து கரையில் ஒரு சுத்தமான மலசலகூடம் கட்டினால் பெண்களும் குடும்பங்களும் தயங்காமல் வருவார்கள். இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு வேனின் முற்பணத்தை விடக் குறைவு.

இவற்றைச் சொல்லி முடித்த போது அந்த இளைஞர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப வேன் வேணாம் நானா. இருக்கிற படகுக்கு முதல்ல பத்து அங்கி வாங்குறன். விலைப் பலகைய நீங்களே எழுதித் தாங்க" என்றார்.

எழுதிக் கொடுத்தோம். தமிழில் ஒரு பலகை, சிங்களத்தில் ஒரு பலகை, ஆங்கிலத்தில் ஒரு பலகை. மூன்றிலும் ஒரே விலை.