ஸ்னீக்கர் வாங்கும்போது எடைக்கு முன் அகலத்தைப் பாருங்கள்: இந்தியப் பாதங்கள் குறித்த ஆய்வு கூறுவது என்ன?

மும்பை: தாராவியிலிருந்து சயான் ரயில் நிலையத்துக்கும், மாட்டுங்கா நிலையத்திலிருந்து கிங்ஸ் சர்க்கிளுக்கும், செம்பூர் நிலையத்திலிருந்து வீட்டுக்கும் நாள்தோறும் நடந்து செல்வோர் பலர். புறநகர் மின்சார ரயிலில் நின்றுகொண்டே பயணம் செய்யும் இவர்களுக்கு எடை குறைந்த ஸ்னீக்கர் காலணிகள் வசதியானவை. ஆயினும் கையில் எடுத்துப் பார்க்கும்போது பஞ்சு போலத் தோன்றும் காலணி, சில மணி நேர நடையில் சுண்டுவிரலைக் கடிப்பதுண்டு. அதற்குப் பெரும்பாலும் காரணம் எடை அல்ல, அகலம்.

ஒரு லட்சம் பேரின் பாத அளவு

சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் (சிஎல்ஆர்ஐ), 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனர்கள் மூலம் அளவிட்டது. ஐரோப்பியர், அமெரிக்கர் ஆகியோரின் பாதங்களைவிட இந்தியர்களின் பாதங்கள் பொதுவாக அகலமானவை என்று இந்த ஆய்வில் தெரியவந்தது.

இந்தியக் கடைகளில் வழங்கும் 6, 7, 8 என்ற எண்கள், விடுதலைக்கு முன்பே இங்கு வந்துவிட்ட பிரிட்டிஷ் அளவு முறையைச் சேர்ந்தவை. அந்த எண் பாதத்தின் நீளத்தை மட்டுமே குறிக்கிறது. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே நீளத்தில் சுமார் 8.5 மில்லிமீட்டர் வேறுபாடு உண்டு. அகலம் போதாமல் ஓர் எண் பெரிதாக வாங்குபவருக்குத் தேவையற்ற நீளமே அதிகம் கிடைக்கிறது. இதனால் குதிகால் வழுக்குகிறது. காலணி மடங்கும் இடமும் பாதம் மடங்கும் இடமும் ஒன்றாக அமைவதில்லை.

இந்த ஆய்வின் அடிப்படையில், 'பாரத்' என்பதன் முதலெழுத்தைக் கொண்டு 'பா' என்ற இந்திய அளவு முறை முன்மொழியப்பட்டுள்ளது. வயது, பாலினம் ஆகியவற்றின்படி 8 பிரிவுகளைக் கொண்டது இது. இம்முறை கடைகளில் பரவலாகும் வரை, அகலத்தைச் சோதிக்கும் பொறுப்பு வாங்குபவருடையதே.

'போடப் போடச் சரியாகிவிடும்' என்பது உண்மையா?

திருநெல்வேலிப் பகுதியிலிருந்து குடியேறிய தமிழர்கள் தோல் பதனிடும் தொழிலை வளர்த்த இடம் தாராவி. தோல் காலணி சற்றே இறுக்கமாக இருந்தால், கட்டையில் ஏற்றித் தளர்த்த முடியும். அணியும்போதும் தோல் மெல்ல மெல்லக் காலுக்கேற்ப நெகிழ்ந்து கொடுக்கும். 'போடப் போடச் சரியாகிவிடும்' என்ற சொல் அங்கிருந்து வந்தது எனலாம்.

ஆனால், செயற்கைத் தோலும் நைலான், பாலியெஸ்டர் வலைத்துணியும் அவ்வாறு நிலையாக விரிவதில்லை. கடையில் இறுக்கமாக இருக்கும் ஸ்னீக்கர், வீட்டிலும் பெரும்பாலும் இறுக்கமாகவே இருக்கும்.

சிறு காயம், பெரிய பாதிப்பு

காலணிக் கடியைச் சாதாரணமாகக் கருதிவிட முடியாது. இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நடத்திய ஆய்வு 2023ஆம் ஆண்டில் தெரிவித்தது. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் காலணி கடிப்பதே தெரியாமல் போகலாம். அந்தக் கொப்புளம் ஆறாத புண்ணாக மாறும் அபாயம் உண்டு.

மும்பையில் மழைக்காலம் மற்றொரு அபாயத்தைக் கொண்டுவருகிறது. எலி உள்ளிட்ட விலங்குகளின் சிறுநீர் கலந்த வெள்ளநீர், காலில் உள்ள சிறு காயத்தின் வழியே லெப்டோஸ்பைரோசிஸ் எனப்படும் எலிக்காய்ச்சலை உண்டாக்கக்கூடும். காலில் புண்ணுடன் தேங்கிய நீரில் நடக்க நேர்ந்தவர்கள், 72 மணி நேரத்துக்குள் மருத்துவரை அணுக வேண்டும் என மாநகராட்சி அறிவுறுத்தி வருகிறது.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

* மாலையில் வாங்கச் செல்லவும். நாள் முழுவதும் நடந்தபின் பாதம் சற்றே வீங்கியிருக்கும்.

* இரு பாதங்களும் ஒரே அளவில் இருப்பது அரிது. பெரிய பாதத்துக்குப் பொருந்தும் காலணியைத் தேர்ந்தெடுக்கவும்.

* இன்சோல் எனப்படும் உள்தகட்டை வெளியே எடுத்து, அதன்மேல் நிற்கவும். பாதத்தின் ஓரம் தகட்டுக்கு வெளியே தெரிந்தால் அந்தக் காலணி குறுகலானது.

* அணிந்து நிற்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும்.

* காலணியை வளைத்துப் பார்க்கவும். விரல்கள் மடங்கும் இடத்தில் அது மடங்க வேண்டும். நடுவில் மடங்கினாலோ, ஈரத்துணி போல முறுக்க முடிந்தாலோ தவிர்ப்பது நல்லது.

எடை எங்கே குறைகிறது?

ஸ்னீக்கரின் எடை குறைவதற்கு முக்கியக் காரணம், அடிப்பாகத்தில் உள்ள ஈவிஏ எனப்படும் நுரைப்பொருள். காற்றறைகள் நிறைந்த இந்நுரை நாளடைவில் அமுங்கித் தட்டையாகும். அடிப்பாகம் முழுவதும் நுரையாக இருந்தால் எடை மிகவும் குறையும். ஆனால் ஈரமான நடைமேடையிலும் ரயில் நிலையப் படிகளிலும் வழுக்கக்கூடும். தரையைத் தொடும் இடங்களில் ரப்பர் பதித்த காலணி, சில கிராம் கூடுதலாக இருந்தாலும் பாதுகாப்பானது.

பாலியூரித்தேன் அடிப்பாகம் ஈவிஏவைவிடக் கனமானது. நீண்ட நாள் உழைக்கும். ஆயினும் ஈரப்பதம் மிகுந்த இடத்தில் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், அது வேதியியல் மாற்றமடைந்து உதிரத் தொடங்கும். பரணில் பத்திரமாக வைத்த காலணி அடுத்த ஆண்டு பொடியாக உதிர்வது இதனால்தான்.

முத்திரையும் வரியும்

காலணிகளுக்கான தரக் கட்டுப்பாட்டு விதிகள் 2024 ஆகஸ்ட் 1 முதல் விரிவாக நடைமுறைக்கு வந்தன. ஐஎஸ்ஐ முத்திரையுடன் உள்ள உரிம எண்ணை, இந்திய தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் உள்ளிட்டுச் சரிபார்க்கலாம். சிறு உற்பத்தியாளர்களுக்கு விலக்கு உண்டு என்பதால், முத்திரை இல்லாத காலணி அனைத்தும் விதிமீறல் ஆகிவிடாது. அதே வேளையில், முத்திரை தரத்துக்கான சான்றே தவிர, காலுக்குப் பொருந்தும் என்பதற்கான சான்று அன்று.

2025 செப்டம்பர் 22 முதல், ஜோடி ஒன்றுக்கு ரூ.2,500 வரை விலையுள்ள காலணிகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. அதற்கு முன் ரூ.1,000 வரை 12 சதவீதமும், அதற்கு மேல் 18 சதவீதமும் விதிக்கப்பட்டன. அன்றாடப் பயன்பாட்டுக்கான ஸ்னீக்கர்களில் பெரும்பகுதி இந்த விலை வரம்புக்குள் வருவதால், கட்டணச் சீட்டில் வரி விகிதத்தைச் சரிபார்ப்பது நல்லது. காலணியை மாற்றிக்கொள்ள நேர்ந்தால் அச்சீட்டு தேவைப்படும் என்பதால், முதல் சில நாள்கள் வீட்டுக்குள் அணிந்து பார்க்கும் வரை அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.